கழற்றி மாட்டும் கூலி யார் கணக்கில்?



ஆண்டுதோறும் நடக்கும் இச்சொற்பொழிவு, சாதாரணக் குடும்பங்களின் வரவு செலவைத் தொடும் ஒரு சட்டப் பிரச்சினையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது இதை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவரின் விருப்பம். அதற்கேற்ப நான் எடுத்துக்கொண்ட பொருள் இது. காரில் தேய்ந்துபோன ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய புதுப் பாகத்தைப் பொருத்துகிறோம். சில நாளில் அந்தப் புதுப் பாகமே குறையுள்ளது என்று தெரிகிறது. கடைக்காரர் வேறு பாகம் தந்துவிடுகிறார். அதைப் பொருத்த வண்டியை மறுபடியும் பிரிக்க வேண்டும். அந்த இரண்டாவது கூலியை யார் கொடுப்பது?

சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது, பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உழைப்புக்கு நாம் என்ன மதிப்புத் தருகிறோம் என்பதும் இருக்கிறது. நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் கண்ட உண்மை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூலியை இன்று பெரும்பாலும் கொடுப்பவர் தவறு செய்தவர் இல்லை. தவறே செய்யாத மெக்கானிக் தன் உழைப்பாகக் கொடுக்கிறார், அல்லது தவறே செய்யாத வண்டிக்காரர் இரண்டாவது முறையும் பணமாகக் கொடுக்கிறார். இந்த நிலை மாற வேண்டும் என்பதே என் வாதம்.

பட்டறையில் நடப்பது

கிளட்ச் பேரிங் என்று பட்டறையில் சொல்லப்படும் ரிலீஸ் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் வளையம். ஆனால் அது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரங்கள் இழுக்கும் ஒரு காரில் அதை எட்டுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். கியர் ஆயிலை வடிக்க வேண்டும். இரண்டு பக்க ஆக்ஸிலையும் உருவ வேண்டும். கியர் கேபிளையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்ற வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிப் பிடித்து, மவுண்டிங்கை அவிழ்த்து, கியர்பாக்ஸைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முழுக் கியர்பாக்ஸையும் கீழே இறக்க வேண்டும். அதன்பிறகுதான் பேரிங் கண்ணில் படும். மாற்றிய பிறகு அத்தனையையும் தலைகீழ் வரிசையில் திரும்பப் பொருத்த வேண்டும். கூட ஒருவர் கைகொடுத்தாலும் பாதி நாளுக்குக் குறையாத வேலை.

ஒரு கணக்குக்காக, பேரிங் விலை 1,200 ரூபாய், கூலி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி போய்விடுகிறது. இரண்டு வாரம் கழித்து, கிளட்ச் பெடலை மிதித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது என்று வண்டிக்காரர் திரும்ப வருகிறார். மறுபடியும் கியர்பாக்ஸ் இறங்குகிறது. பேரிங் கரகரவென்று சுற்றுகிறது. மெக்கானிக் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்பேர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் நல்லவர். பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாக்குவாதம் ஏதுமின்றி வேறொன்றை எடுத்து வைக்கிறார். கூலியைப் பற்றிக் கேட்டால், “பொருளை மாத்தித் தரோம்ண்ணே, லேபர் எல்லாம் கம்பெனியில தர்றதில்ல” என்கிறார்.

இந்த ஒரு பதிலில் 1,200 ரூபாய்க்குத் தீர்வு வந்துவிட்டது. 4,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. வண்டிக்காரர், “ஒரு வேலைக்கு நான் ஏன் இரண்டு தடவை காசு தரணும்?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. மெக்கானிக், “நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்று கேட்கிறார். அதுவும் நியாயமான கேள்வி. கடைசியில், வாடிக்கையாளரை இழக்க மனமில்லாமல் மெக்கானிக் வேலையை இனாமாகச் செய்துகொடுக்கிறார். அன்றைக்குக் கூட வேலை செய்த பையனுக்குச் சம்பளம் அவர் சட்டைப்பையிலிருந்து போகிறது. அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய இன்னொரு வண்டி அடுத்த பட்டறைக்குப் போகிறது. நல்ல பெயருக்காகச் செய்தோம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். குறையுள்ள பேரிங்கைச் செய்து சந்தைக்கு அனுப்பிய நிறுவனத்துக்கு இப்படியொரு சண்டை நடந்ததே தெரியாது.

குறை எங்கே என்று முதலில் பார்ப்போம்

எல்லா வழக்கிலும் பாகம்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. புதுப் பாகம் சீக்கிரம் கெட்டுப்போக மூன்று வகைக் காரணங்கள் உண்டு.

முதலாவது, பாகத்திலேயே உற்பத்திக் குறை. உலோகம் சரியாகப் பதப்படுத்தப்படாதது, அளவு மாறியது, உள்ளே கிரீஸ் போதாதது என்று பல இருக்கலாம். இரண்டாவது, பொருத்தியதில் தவறு. கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தாமல் பொருத்துவது, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்குவது, பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது போன்றவை. மூன்றாவது, வண்டியில் ஏற்கெனவே இருந்த வேறொரு கோளாறு அல்லது ஓட்டும் பழக்கம். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் புதுக் கிளட்ச் பிளேட்டும் ஆயிலில் நனைந்து வழுக்கும். எந்நேரமும் பெடல் மேல் காலை வைத்தே ஓட்டுபவரின் வண்டியில் எந்தப் பேரிங்கும் நிலைக்காது.

பாகத்தில் குறையென்றால் இரண்டாவது கூலி அதை விற்றவருக்கும் செய்தவருக்கும் உரியது. பொருத்தியதில் தவறென்றால் மெக்கானிக்குக்கு உரியது. அங்கே அவர் இனாமாகச் செய்வது சலுகை ஆகாது, கடமை. மூன்றாவது வகையென்றால் வண்டிக்காரருக்கு உரியது. ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்லி, செலவு வேண்டாமென்று வண்டிக்காரர் மறுத்திருந்தால், விளைவை அவரே ஏற்க வேண்டும். அதேபோல, நல்ல கம்பெனிச் சாமானை வாங்கச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சைக் கேட்காமல் விலை குறைந்த டூப்ளிகேட்டைத் தெரிந்தே வாங்கி வந்தவர், மறுகூலியை மெக்கானிக்கிடம் தள்ளுவது முறையில்லை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்கான ஏற்பாடு நம் பட்டறைகளில் இல்லை. கழற்றிய பாகத்தின் படம் இருக்காது. பெட்டி குப்பைக்குப் போயிருக்கும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்ற குறிப்பு இருக்காது. ஆதாரம் இல்லாத இடத்தில் பலசாலி சொல்வதே தீர்ப்பாகிவிடுகிறது. பட்டறை வாசலில் மெக்கானிக் பலசாலி இல்லை.

பாகத்தை வாங்கியது யார்?

அடுத்து, விற்பனை ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும் இடையில் என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் மூன்று வழக்கங்கள் இருக்கின்றன.

பாகத்தையும் கூலியையும் பட்டறையே சேர்த்துப் பில் போடுவது முதல் வழக்கம். இங்கே வண்டிக்காரருக்குப் பட்டறைதான் விற்பனையாளர். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, விற்பவரின் திறமையை நம்பி, தேவையைச் சொல்லி ஒருவர் வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உறுதி ஒப்பந்தத்துக்குள் தானே வந்துவிடுகிறது என்கிறது. பட்டறைக்காரர் கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்வியே எழாது. ஆகவே வண்டிக்காரர் இரண்டாவது கூலியைத் தர வேண்டியதில்லை. பட்டறை அதைத் தனக்கு விற்றவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வண்டிக்காரரே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ தம் ஊர்க் கடையிலோ பாகத்தை வாங்கிவந்து கொடுப்பது இரண்டாவது வழக்கம். இங்கே மெக்கானிக் விற்றது உழைப்பை மட்டுமே. அவர் சரியாகப் பொருத்தியிருந்தால் இரண்டு முறையும் கூலி பெற உரிமையுண்டு. வண்டிக்காரர் அந்த இரண்டாவது கூலியைக் கடைக்காரரிடம் இழப்பீடாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழக்கமே நம்மிடம் அதிகம். வண்டிக்காரர் பணம் தருகிறார். மெக்கானிக் தனக்குப் பழக்கமான கடையில் வாங்குகிறார். பில் பட்டறை பெயரில் இருக்கும், அல்லது துண்டுச் சீட்டில் தொகை மட்டும் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. மெக்கானிக் இங்கே விற்பனையாளரா, வண்டிக்காரரின் முகவரா என்பதே தெளிவாக இல்லை. இந்தக் குழப்பத்தின் விலைதான் அந்த 4,000 ரூபாய். வண்டிக்காரர் கொடுத்த பணத்தில் வாங்கும் பாகத்துக்கு வண்டிக்காரர் பெயரிலும் வண்டி எண்ணிலும் பில் வாங்கிவிட்டால் வழக்கின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

1872இலேயே எழுதிவைத்த விடை

குறையுள்ள பாகத்தின் விலை மட்டும்தான் இழப்பீடா, கூலியும் சேர்ந்ததா? இதற்கு நம் சட்டத்தில் விடை இருக்கிறது.

1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் வழக்கைச் சட்ட மாணவர்கள் அனைவரும் படிக்கிறார்கள். அதுவும் ஓர் எந்திர பாகத்தைப் பற்றிய வழக்குத்தான். குளோஸ்டர் நகரத்து மாவு ஆலையின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. அதை மாதிரியாக வைத்துப் புதியது செய்ய கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோனவர்கள் தாமதம் செய்ததால் ஆலை கூடுதல் நாட்கள் நின்றது. அந்த லாப இழப்பை ஆலைக்காரர்கள் கேட்டபோது, ஆலை நின்றுகிடக்கும் என்பது கொண்டுபோனவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பு வகுத்த விதியே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தம் மீறப்பட்டால், வழக்கமான போக்கில் இயல்பாக விளையும் இழப்புக்கும், ஒப்பந்தம் செய்தபோதே விளையக்கூடும் என்று இரு தரப்பும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு தர வேண்டும்.

இந்த அளவுகோலை நம் பேரிங்குக்கு வைத்துப் பாருங்கள். கிளட்ச் பேரிங்கை அலமாரியில் அழகு பார்க்க எவரும் வாங்குவதில்லை. கியர்பாக்ஸை இறக்கித்தான் அதைப் பொருத்த முடியும் என்பது விற்பவருக்குத் தெரியும். குறையிருந்தால் மறுபடியும் இறக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். ஆக, அந்தக் கூலி இயல்பாக விளையும் இழப்பு. தனியாக எச்சரிக்கை கொடுத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வண்டி டாக்ஸியாக இருந்தால், அது நின்றதால் போன வருமானம் வேறு வகை. அதைக் கேட்பதானால், வண்டி வாடகைக்கு ஓடுவது என்பது வாங்கும்போதே கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்ஸி ஓட்டும் நண்பர்கள் அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பொருள் விற்பனைச் சட்டத்தின் 59ஆம் பிரிவும் இதற்குத் துணை நிற்கிறது. உறுதி மீறப்பட்டதற்காக விலையைக் குறைத்துக்கொண்ட ஒருவர், அதற்கு மேலும் நட்டம் அடைந்திருந்தால் அதற்காகவும் வழக்குத் தொடரலாம் என்று அது சொல்கிறது. விலை வேறு, மேற்கொண்டு வந்த நட்டம் வேறு.

இன்னொன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். 73ஆம் பிரிவின் கீழ் வரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம் மெக்கானிக்குக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. ‘அ’ என்பவர் தரத்துக்கு உறுதி தந்து ‘ஆ’வுக்கு ஒரு பொருளை விற்கிறார். அந்த உறுதியை நம்பி ‘ஆ’ அதே உறுதியுடன் ‘இ’க்கு விற்கிறார். பொருள் தரமற்றதாகிறது. ‘ஆ’ இழப்பீடு தர வேண்டியதாகிறது. அந்தத் தொகையை ‘அ’ திருப்பித் தர வேண்டும். செய்தவரிடமிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து கடைக்காரர், அவரிடமிருந்து மெக்கானிக், கடைசியில் வண்டிக்காரர் என்று கீழிறங்கிய பொறுப்பு, அதே படிகளில் மேலேறிப் போக வேண்டும். 150 ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டப் புத்தகத்தில் இது அச்சாகிவிட்டது.

உத்தரவாத அட்டையில் ஒரு வரி

பிறகு ஏன் நடப்பதில்லை? முதல் காரணம், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டை. பாகத்தை மட்டும் மாற்றித் தருவோம், கூலிக்கும் வேறு எந்த நட்டத்துக்கும் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். கம்பெனிப் பட்டறையில் பொருத்திய பாகத்துக்குக் கூலியையும் சேர்த்து உத்தரவாதம் தரும் நிறுவனங்கள்கூட, அதே பாகத்தைக் கவுன்டரில் விற்கும்போது பல நேரம் கூலியை விலக்கிவிடுகின்றன.

இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொருள் விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, சட்டம் தரும் உறுதிகளை இரு தரப்பும் ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ளலாம். பெட்டியைப் பிரித்த பிறகே கைக்கு வரும் ஓர் அட்டையை, வாங்கியவர் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்வது? நீதிமன்றத்தில் இதை வாதிடலாம். ஆனால் கடை வாசலில் அந்த அட்டைதான் பேசுகிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்குத் தனிச் சட்டம் தேவை என்று இந்தியச் சட்ட ஆணையம் தன் 199ஆவது அறிக்கையில் 2006இல் பரிந்துரைத்தது. அப்படியொரு பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை.

நுகர்வோர் சட்டம் தருவதும் தராததும்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருளால் வரும் கேட்டுக்குச் செய்தவரும் விற்றவரும் பொறுப்பேற்க வேண்டும் என்று தனி அத்தியாயமே அதில் உண்டு. குறையுள்ள பிரேக் பாகத்தால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமடைந்தால், பாகத்தைச் செய்த நிறுவனத்தை நேரடியாகக் கூண்டில் ஏற்றலாம். 1916இல் நியூயார்க்கின் உயர்மட்ட நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ, பியூக் நிறுவனம் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய சக்கரம் நொறுங்கிக் காயமடைந்தவருக்கு அந்நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்து இந்தக் கோட்பாட்டுக்கு வழி திறந்தார்.

ஆனால் நம் சட்டத்தில் ‘கேடு’ என்பதற்கு விளக்கம் தரும் இடத்தில், பொருளுக்கே ஏற்படும் சேதமும் வணிக, பொருளாதார இழப்புகளும் அதில் சேரா என்று எழுதியிருக்கிறார்கள். எலும்பு முறிந்தால் அந்த அத்தியாயம் உதவும். கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கிய கூலிக்கு உதவாது.

அதனால் வழி இல்லையென்று நினைக்க வேண்டாம். குறையுள்ள பொருள் என்ற வழக்கமான புகாராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் வந்த இழப்புக்கு ஈடு தரவும் 39ஆம் பிரிவின்கீழ் ஆணையம் உத்தரவிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

தடைகள் மூன்று. பாகத்தில் குறை என்பதை ஆய்வகத்தில் மெய்ப்பிக்க வேண்டி வந்தால், அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். 4,000 ரூபாய்க்காக அதற்கு எத்தனை பேர் துணிவார்கள்? அடுத்து, அட்டையிலுள்ள நிபந்தனை நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் புகாரை மாவட்ட ஆணையம் எடுத்துக்கொள்ள முடியாது; மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மூன்றாவது தடை மிகக் கொடியது. மறுவிற்பனைக்காக வாங்குபவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் இல்லை. கடையில் பேரிங் வாங்கி, விலை சேர்த்துப் பில் போடும் மெக்கானிக் இந்தக் கதவைத் தட்டவே முடியாது. அவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் கதி. வாய்தாவுக்கு ஒருநாள் பட்டறையை மூடினாலே அவர் கேட்கும் தொகையில் கணிசமான பங்கு போய்விடும். சங்கிலியில் எல்லோரையும்விட மெலிந்த கண்ணியின் மேல் முழுப் பாரமும் இறங்குவது இப்படித்தான்.

ஐரோப்பா கண்ட தீர்வு

இதே சிக்கல் ஜெர்மனியில் வேறொரு பொருளில் எழுந்தது. ஒருவர் 1,382 யூரோவுக்குத் தரை ஓடுகள் வாங்கினார். மூன்றில் இரண்டு பங்கைப் பதித்த பிறகு, ஓடுகளில் நீக்க முடியாத கறைநிழல் தெரிந்தது. எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிது பதிக்க 5,830 யூரோ ஆகும் என்று கணக்கிட்டார்கள். பொருளைவிட வேலைக்கான செலவு பல மடங்கு. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. பழைய பொருளைப் பெயர்த்தெடுத்துப் புதியதைப் பொருத்தும் வேலையை விற்றவரே செய்ய வேண்டும், அல்லது அதற்கான செலவைத் தர வேண்டும் என்று 2011 ஜூன் 16 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவர் மீது தவறே இல்லாவிட்டாலும் இது பொருந்தும். செலவு அளவுமீறினால் பொருளின் மதிப்புக்கும் குறையின் தன்மைக்கும் ஏற்ற தொகையாக அதைக் குறைக்கலாம் என்ற வரம்பையும் வைத்தது.

அடுத்து நடந்தது நமக்கு இன்னும் முக்கியம். இந்தப் பாதுகாப்பு நுகர்வோருக்கு மட்டுமே, வணிகர்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்குப் பொருந்தாது என்று ஜெர்மனியின் சிவில் உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியது. விளைவு என்ன? பொருளை வாங்கி வீடுகளில் பொருத்தித் தரும் சிறு தொழிலாளர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். வாடிக்கையாளருக்கு இனாமாகத் திருத்திக்கொடுக்க வேண்டும். தங்களுக்கு விற்றவரிடம் கேட்க முடியாது. நம் மெக்கானிக் நிற்கும் அதே இடம். ஜெர்மனி இதைச் சகித்துக்கொள்ளவில்லை. சட்டத்தைத் திருத்தி, 2018 ஜனவரி 1 முதல் கழற்றிப் பொருத்தும் செலவை விற்றவரே தர வேண்டும் என்பதை எல்லா வகை விற்பனைக்கும் விரித்தது. தந்தவர் தமக்கு விற்றவரிடம் அதை வசூலிக்கவும் வழி செய்தது. 2019இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஆணை, நுகர்வோர் விற்பனையில் இந்தக் கடமையை எழுத்தில் உறுதிப்படுத்தியதோடு, ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை விற்றபோதே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் வகுத்தது.

இரண்டு எதிர்வாதங்கள்

கூலியையும் நிறுவனமே தர வேண்டுமென்றால் பாகத்தின் விலை ஏறிவிடும் என்பார்கள். சிறிது ஏறலாம். ஆனால் அந்தச் செலவு இன்றும் இருக்கிறது. ஒரு மெக்கானிக்கின் தலையில் மொத்தமாக விழுவதை, அந்தப் பாகத்தை வாங்கும் ஆயிரக்கணக்கானோர் சில ரூபாயாகப் பகிர்ந்துகொள்வது மேலானது. மேலும், குறையைக் குறைக்கும் ஆற்றல் செய்பவரிடம்தான் இருக்கிறது. கூலி தன் கணக்கில் விழும் என்று தெரிந்தால் அவர் சோதனையைக் கடுமையாக்குவார். விழாது என்று தெரிந்தால், சந்தேகத்துக்குரிய பாகத்தையும் பெட்டியில் போட்டு அனுப்புவார்.

மெக்கானிக்குகள் பொய்க் கணக்குக் காட்டுவார்கள் என்பது அடுத்த வாதம். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்ற அட்டவணை எல்லாக் கார் நிறுவனங்களிடமும் இருக்கிறது. அதன்படி தொகையை நிர்ணயித்தால் வாய்க்கு வந்ததைக் கேட்க இடமில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, உதிரிபாகங்கள் வெளிச்சந்தையிலும் கிடைக்க வேண்டும், தனியார் பட்டறைக்குப் போனதையே காரணம் காட்டி உத்தரவாதத்தை ரத்துசெய்யக் கூடாது என்று பணித்தது. சில நிறுவனங்களுக்கு மேல்முறையீட்டில் அபராதம் குறைக்கப்பட்டது. தனியார் பட்டறையை நம்பக்கூடிய இடமாகச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு, அந்தப் பட்டறையின் கூலியை மட்டும் நம்ப மறுப்பதில் நியாயமில்லை.

செய்ய வேண்டியவை

அரசுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பொருத்திப் பயன்படுத்தும் பொருள்களின் விற்பனையில், கழற்றிப் பொருத்தும் நியாயமான செலவை எந்த அட்டையாலும் விலக்க முடியாது என்று பொருள் விற்பனைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். பொருத்தித் தரும் சிறு தொழிலாளரும் நுகர்வோர் ஆணையத்தில் இந்த ஓர் இழப்புக்காக முறையிட வழிசெய்ய வேண்டும்.

பட்டறைத் தோழர்களுக்கு: ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைச் சீட்டு எழுதுங்கள். தேதி, கிலோமீட்டர், பாகத்தின் பெயர், பெட்டியிலுள்ள பேட்ச் எண், யார் வாங்கியது, நீங்கள் சொல்லி வண்டிக்காரர் மறுத்த வேலை எது என்ற விவரங்கள் போதும். பெட்டியையும் பில்லையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை வைத்திருங்கள். பொருத்தும் முன்பும் கழற்றிய பின்பும் செல்பேசியில் படம் எடுங்கள். குறையுள்ள பாகத்தைக் கடையில் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். கூலிக்கான கோரிக்கையைச் சங்கத்தின் மூலம் எழுத்தில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். தனி ஆளிடம் முடியாது என்று சொல்லும் நிறுவனம், ஒரு மாவட்டத்துப் பட்டறைகள் அனைத்தும் சேர்ந்து கேட்டால் யோசிக்கும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: உழைப்பைக் கொடுத்தவருக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தந்திருக்கிறது. உழைப்புக்குச் சட்டம் தரும் மரியாதை அது. அதை நினைவில் வைத்து, இரண்டாவது முறை வண்டி பிரிக்கப்படும்போது மெக்கானிக்கோடு சண்டை போடாதீர்கள். பாகத்தில்தான் குறையென்றால் அவரும் உங்களைப்போல் பாதிக்கப்பட்டவர். அவர் பக்கம் நின்று, இருவரும் சேர்ந்து கடைக்காரரிடமும் செய்த நிறுவனத்திடமும் கேளுங்கள்.

சட்ட மாணவர்களுக்கு: உங்கள் கல்லூரியின் சட்ட உதவி மையத்தை மாதம் ஒருநாள் ஒரு பட்டறைத் தெருவில் நடத்துங்கள். ஒரு நல்ல அறிவிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தாலே பல கூலிகள் திரும்ப வரும்.

குறையுள்ள பாகத்தைச் சந்தைக்கு அனுப்பியவரே அதைக் கழற்றும் கூலியையும் புதியதை மாட்டும் கூலியையும் தர வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. இனி நாம் செய்ய வேண்டியது, அதைக் கேட்டுப் பெறுவது. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள்.